எட்டாம் புத்தகத்தைத் திறந்த கதை

புத்தகம் படிப்பவர்களை உங்களுக்குத் தெரியும்; படிக்காதவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், இரண்டையும் ஏளனமாகப் பார்த்தபடி நடுவில் ஒருவர் நிற்பாரே, கவனித்திருக்கிறீர்களா? அவர்தான் 'வைத்திருப்பவர்'.

மலேசியாவில், மலாக்கா நகரத்துக் காஜா பெராங் பகுதியில் அந்த இனத்தின் மாசற்ற பிரதிநிதி பொன்னுதுரை. அரசாங்கக் குமாஸ்தா. 1968-இல் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் 'சனிக்கோள் காவலர்கள்' என்ற ஆங்கிலத் தொடர் டெலிவிஷனில் ஓடியது. அதே கதைகளை நாவலாக எழுதி லண்டனில் மெல்லிய புத்தகங்களாகப் போட்டார்கள். பொன்னுதுரை அவற்றைச் சிங்கப்பூரிலிருந்து தருவித்து, சோப்புப் போட்டுக் கைகழுவி, விரல் ஈரம் போகப் பவுடர் தடவி, கண்ணாடித் தாளில் உறை போட்டு, முதுகில் எண் ஒட்டி, அந்துருண்டைகளுக்கு நடுவே அலமாரியில் நிறுத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒன்று முதல் எட்டு வரை. படிப்பதா? படித்தால் முதுகு மடிந்துவிடாதா?

பேசுவதற்குத்தான் தடையில்லையே. டெலிவிஷன் இருந்தது அடுத்த வீட்டு ஏகாம்பரத்திடம். அவர் பல தலைமுறையாக மலாக்காவிலேயே வேரூன்றித் தமிழ் மறந்த செட்டிச் சமூகத்தவர், வீட்டுமொழி மலாய். இருவரும் பேசிக்கொண்டதும் மலாயில்தான். உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன். கேப்டன் எதிரியை அடித்தால், "புத்தகத்தில் இப்படி இல்லை, அண்ணே." கப்பல் தீப்பிடித்தால், "புத்தகத்தில் இதைவிட விஸ்தாரம்." ஏகாம்பரம் வாயைப் பிளந்து கேட்பார். இத்தனை படித்த மனிதருக்கு முன்வரிசைப் பிரம்பு நாற்காலியை வேறு யாரும் உட்காராமல் காத்து வைப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, கேப்டன் பனி நிலவில் தனியாகச் சிக்கிக்கொண்டான். சுவாசிக்க இரண்டு மணி நேரக் காற்றுதான் பாக்கி. அடுத்த வெள்ளிக்கிழமை? மல்யுத்தம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் மல்யுத்தம். தொடர் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரத்துக்கு வடக்கே தூரத்திலிருக்கும் கோத்தா பாருவுக்கு மாற்றல் வந்தது.

"மாதக் கடைசியில் லாரி வருகிறது, பொன்னுதுரை. கேப்டன் செத்தானா, பிழைத்தானா? எட்டாம் புத்தகத்தின் அட்டையில் பனி நிலவு இருக்கிறதே, நீதானே காட்டினாய்!"

"சொன்னால் ருசி போய்விடும், அண்ணே."

"போகட்டும், சொல்."

"ஒரு வரியில் சொல்ல முடியாத கதை."

"நூறு வரியில் சொல்" என்று ஏகாம்பரம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

காப்பி கொண்டுவந்த மல்லிகா கணவரைப் பார்த்தாள். "சாவி சட்டைப் பையிலதானே இருக்கு? எடுத்துப் படிச்சுக் காட்டுங்களேன். பாவம், எத்தன நாளா கேக்குறாரு!"

தப்ப வழியில்லை. பொன்னுதுரை கைகழுவினார், பவுடர் தடவினார், எட்டாம் எண்ணை இரண்டு விரலால் விரித்தார். முதல் வரியிலேயே முகம் வெளுத்தது. நாலு வருடம் ஆங்கிலப் பள்ளியில் படித்த மல்லிகா எட்டிப் பார்த்தாள்.

"முட்டையிடுற கோழிக்குக் காலையில என்ன தீனி போடணும்னு இருக்கு. என்னா இது, கப்பல்ல கோழியா?"

பக்கத்தைத் திருப்பினால் கோழிக்கூண்டின் படம். அச்சகத்தில் பனி நிலவு அட்டைக்குள் கோழி வளர்ப்புப் புத்தகத்தை வைத்துத் தைத்திருந்தார்கள்.

"இதை எப்போது வாங்கினாய்?" என்றார் ஏகாம்பரம், மெதுவாக.

"ஆறு மாதம் முன்னால்."

"அப்ப மத்த ஏழும்?" என்றாள் மல்லிகா.

பொன்னுதுரை எட்டாம் புத்தகத்தை மூடி உறையைச் சரிசெய்தார். ஏகாம்பரம் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். பொன்னுதுரைக்குக் காதெல்லாம் கொதித்தது. அந்தக் காப்பியில் ஆடை படிகிற வரை அவர் நிஜமாகவே வெட்கப்பட்டார். அதற்குப் பிறகுதான் அந்த எண்ணம் வந்தது.

"மல்லிகா! இப்படி ஒண்ணு உலகத்துல வேற எவன்கிட்டயும் இருக்காதுடி!"

மல்லிகா அன்றைக்கே சிங்கப்பூரில் இருந்த தங்கை சீதாவுக்குக் கடிதம் போட்டாள். இன்னொரு எட்டாம் புத்தகம் வந்தது. அவள் உறை போடவில்லை. அடுப்படியில் அகராதியும் கையுமாக நாலே நாளில் படித்து முடித்து, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்திடம் போய், ஒரு பிற்பகல் முழுக்கச் சொன்னாள். கேப்டன் பிழைத்தான், அவனைத் தேடி வந்து தன் காற்றைக் கொடுத்த மெக்கானிக் பிழைக்கவில்லை. ஏகாம்பரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்ற பொன்னுதுரையும் மூக்கை உறிஞ்சினார். அந்த மெக்கானிக்கை ஒவ்வொரு வாரமும் டெலிவிஷனில் பார்த்தவர்தானே அவரும்?

லாரி புறப்படும்போது ஏகாம்பரம் மல்லிகாவிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டார். அவள் கொடுத்துவிட்டாள். பொன்னுதுரையிடம் கைகுலுக்கினார், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பொன்னுதுரையைச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் ரோஷத்தோடு ஒன்றாம் புத்தகத்தைத் திறந்தார். மூன்று பக்கம் படித்தார். நன்றாகவே இருந்தது. நாலாம் பக்க ஓரத்தில் தன் கட்டைவிரலின் தடம் லேசாகத் தெரிந்தது. ஐயோ என்று மூடி, ஊதி, துடைத்து, பழைய இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் அலமாரியில் நீங்கள் கடைசியாக வாங்கி வைத்த புத்தகம் எதைப் பற்றியது? புரட்டாமல் சொல்லுங்கள், பார்ப்போம்.