மோட்டாருக்கு டூவா, இங்கா?

சமையலறை ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும்தான் மெக்கானிக்குக்கு மோட்டார் ஞாபகம் வந்தது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. வழிந்தால் நேராகக் கீழே டெய்லர் கடையில்தான் போய் இறங்கும். சுவிட்ச் பெட்டி படிக்கட்டுக்குக் கீழே பூட்டிக் கிடக்கிறது. சாவி மனைவியிடம்.

"ஏம்மா, சாவி எங்க..."

மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "நோ தமிழ்!"

பதினோரு மணிக்குக் கூடத்துக் கம்ப்யூட்டரில் அவளுக்கு வீடியோ இன்டர்வியூ; தாமதமாகிவிடக் கூடாதென்று இணைப்பை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தாள். ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில் போனில் பேசும் வேலை. எட்டு வருஷம் வீட்டோடு கிடந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. இங்கிலீஷ் வராவிட்டால் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட, நாக்கு பழகட்டும் என்று காலையிலிருந்து வீட்டில் தமிழுக்குத் தடை. சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். எந்தச் சொல்லுக்குப் பின்னால் 'டூ' வரும், எதற்கு 'இங்' வரும் என்று இரண்டு பட்டியல்.

அவளுக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று அவளைவிட அவனுக்கு ஆசை. அதனால் மல்லுக்கட்டிப் பார்த்தான்.

"ஐ ஃபர்காட்..."

அவள் விரலை உயர்த்தினாள். "டூ? இங்?"

காகிதத்துக்கு ஓடினான். பாழாய்ப்போன ஃபர்கெட் இரண்டு பட்டியலிலும் இருந்தது. 'இங்'தான் கொஞ்சம் படித்தவன் பேச்சு மாதிரி தோன்றியது.

"ஐ ஃபர்காட் ஸ்விட்ச்சிங் ஆஃப் மோட்டார்!"

அப்படிச் சொன்னால், மோட்டாரை அணைத்தாயிற்று, அணைத்ததுதான் ஞாபகமில்லை என்று அர்த்தம். அது அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"வெரி குட்! நோ ப்ராப்ளம்!" என்று தலைசீவப் போய்விட்டாள்.

சத்தம் அருவியாகிவிட்டது. வாய் உதவாது, கையால் காட்டுவோம் என்று ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு வந்து, அவள் கண்ணெதிரே கூடத்துத் தரையில் ஊற்றினான்.

"ஸ்டாப்!" என்று அலறினாள்.

"யெஸ்! ஸ்டாப்! ஸ்டாப் டூ... ஸ்டாப்பிங்... ஐயோ!"

கதவு இடிபட்டது. டெய்லர் நின்றார், கையில் சொட்டச் சொட்ட ஒரு கோட்டு.

"என்னய்யா, மேல குளம் வெட்டுறீங்களா? நாளைக்குக் குடுக்க வேண்டிய கோட்டு! உங்களையெல்லாம் குடிவச்சாரு பாரு, அந்த வீட்டுக்காரரச் சொல்லணும்!"

அவ்வளவுதான், அவளுடைய தடை பறந்தது.

"டெய்லரண்ணே, தப்பு எங்களோடதுதான். நீங்க கோவப்படறது நியாயம். கோட்டு இது ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதாதாம்மா?"

"போதும்ணே, இதோட நிக்கட்டும். என்னங்க, இந்தாங்க சாவி, ஓடுங்க! அண்ணே, கோட்ட எங்கிட்ட குடுங்க. ஃபேன்ல காயப் போட்டுட்டு, சாயந்திரம் நாலு மணிக்கு நானே கொண்டாந்து தரேன். தேய்க்கிறது மட்டும் நீங்க. உங்க கை பதத்துல எங்களுக்கு வராது."

டெய்லர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலு மணிக்கு வந்துருமில்ல? அப்ப சரிம்மா. கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

மோட்டாரை அணைத்துவிட்டு மூச்சிரைக்க வந்த மெக்கானிக், அவள் கம்ப்யூட்டர் முன்னால் சிலையாக நிற்பதைப் பார்த்தான். திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. எப்போது வந்து உட்கார்ந்தாரோ.

போச்சு, எல்லாம் என்னால போச்சு என்று சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அவள் ஈரக் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். "குட் மார்னிங் மேடம். ஐ லைக்... ஐ என்ஜாய்..." கண் சுவர்க் காகிதத்துக்கு ஓடியது.

"அத விடும்மா," என்றார் திரையிலிருந்த அம்மா. "எங்க போன்ல கூப்பிடறவங்க எல்லாம் அந்த டெய்லர் மாதிரிதான் கத்துவாங்க, அதுவும் தமிழ்லதான். நீ எப்ப வந்து சேர்ற?"