இருபத்து மூன்று நாளாக நான் வரவில்லையாம்

திருவண்ணாமலை,
வியாழக்கிழமை

அன்புள்ள அன்பரசன் மாமா அவர்களுக்கு,

ஆதவன் வணக்கம். இங்கு நான் நலம், உடம்பளவில். தாங்களும் அத்தையும் கவிநிலாவும் நலமாக இருக்க அண்ணாமலையார் அருள் புரியட்டும். நிற்க.

நீங்கள் சேர்த்துவிட்ட இந்தப் பேரூராட்சி அலுவலகத்திலிருந்து என்னை வெளியே எடுத்துவிடுங்கள். பெங்களூர்க் கம்பெனியில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை சேர வேண்டும், கையில் அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதைத்தான் தர மாட்டேன் என்கிறார்கள். காரணம், நான் வேலைக்கு வரவில்லையாம். மாமா, பௌர்ணமி நெரிசலில் பஸ் கிடைக்காமல் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்தவன் நான்.

எல்லாம் முகம் பார்த்து வருகை பதியும் மெஷினால் வந்தது. வாங்கச் சொன்னவனும் நான், மாட்டியவனும் நான். திறப்பு விழாவுக்கு முன்பே சோதனைக்காக என் முகத்தை முதலில் பதிந்தேன். பிறகு கபாலி குருக்கள் வந்தார், பூஜை செய்தார், மெஷினுக்கு நெற்றி எது என்று யாரும் அவருக்குச் சொல்லாததால் சந்தனத்தையும் குங்குமத்தையும் கேமரா மேலேயே அப்பினார், அதன் பிறகு மற்ற பதினெட்டுப் பேரும் பட்டையாக விபூதி பூசிக்கொண்டு அந்தக் கலங்கல் வழியாகவே முகம் பதிந்தார்கள். அன்று முதல் அவர்கள் விபூதியோடு நின்றால் மெஷின் வரவேற்கிறது. என்னைப் பார்த்தால் யார் நீ என்கிறது.

துணியோடு போனேன். தலைமை எழுத்தர் ஜோதியம்மாள் குறுக்கே நின்றார். "தொடச்சா நாங்க பதினெட்டுப் பேரும் ஆப்சென்ட் ஆயிடுவோம் தம்பி." அது சாமி பொட்டு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சொன்னதோ தொழில்நுட்ப ரீதியாகச் சரி. துணியை மடித்துப் பையில் வைத்தேன். வெள்ளிதோறும் பழைய பொட்டின் மேலேயே புதுசு வைக்கிறார்கள், மறக்காமல்.

மறுபடி பதியலாமே என்பீர்கள். அதற்கு நிர்வாகி முகம் காட்டி அனுமதிக்க வேண்டும். நிர்வாகி நான்தான். யாரும் தில்லுமுல்லு செய்யக்கூடாது என்று வேறு வழி வைக்காமல் அடைத்ததும் நான்தான்.

வீம்பை விட்டு ஒருநாள் நானும் மூன்று பட்டை போட்டு நின்றேன். "வருக, தருமன்" என்றது. தருமன் எங்கள் செயல் அலுவலர். அன்றைக்கு அவர் சென்னையில், அரசு அலுவலகங்களில் தொழில்நுட்பத் தலைமை என்கிற கருத்தரங்கில், மைக் பிடித்து எங்கள் மெஷினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். போனில் மெதுவாகக் கேட்டார். "நாளைக்கும் இங்கதான் இருக்கேன் ஆதவா, அதே பட்டையோட வந்துடறியா?"

மறுத்துவிட்டேன். நேற்று சான்றிதழ் கேட்டபோது ஜோதியம்மாள் பட்டியலைக் காட்டினார், இருபத்து மூன்று நாள் வரவில்லை. தினமும் உங்கள் எதிர் நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன் என்றேன்.

"நான் பாத்தேன்பா. ஆனா நான் பாத்தா செல்லாதே. மனுஷன் கண்ணை நம்பாதீங்க, மெஷின் பொய் சொல்லாதுனு பயிற்சியில நீதான அடிச்சி அடிச்சி சொன்ன?"

சொன்னேன் மாமா. எல்லாருக்கும் அச்சடித்தும் கொடுத்தேன்.

படித்ததெல்லாம் வீண். தருமன் சாருடன் படித்தவர் என்ற முறையில் ஒரு வார்த்தை பேசுங்கள். முடியாதென்றால் வேலூரில் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஜெராக்ஸ் கடையில் சொல்லி வையுங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம், கவிநிலாவுக்கு என் ஆசி. கம்ப்யூட்டர் மட்டும் படிக்க வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வருகைப் பதிவில் இல்லாத
ஆதவன்

பி.கு. (வெள்ளி மாலை): பேச வேண்டாம் மாமா. சான்றிதழ் வந்துவிட்டது. மெஷின் தப்பு என்று எழுத முடியாதாம், அதனால் அந்த இருபத்து மூன்று நாளும் நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஆறு அலுவலகங்களில் மெஷின் மாட்டப் போயிருந்ததாகத் தருமன் சார் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் மிதித்தே பார்க்காத அலுவலகங்கள். எழுதியது பொய்யாகக் கூடாது, அதனால் இனிமேல் போய் மாட்டிவிட்டு வா என்றார். பெங்களூர்க் கம்பெனிக்குச் சான்றிதழை அனுப்பிவிட்டு, போனில் தயங்கித் தயங்கி ஒரு மாதம் தவணை கேட்டேன். தாராளமாக என்கிறார்கள். ஆறு அலுவலகங்களை நடத்திக்காட்டிய ஆளை வெறும் இன்ஜினியராக எடுப்பது முறையில்லை என்று தலைமைப் பதவியே கொடுத்திருக்கிறார்கள்.