வீட்டுக்காரம்மா யார்?

ஓய்வூதியச் சந்தா அலுவலகத்தில் பெயர்களை ஒழித்துவிட்டார்கள். தலைப்பெழுத்து, எழுத்துப்பிழை, ஒற்று மிகுமா மிகாதா என்று சகல வம்பும் பெயரால்தான் வருகிறது என்பதை உயர்மட்டக் குழு ஒன்று கண்டறிந்திருந்தது. போதாக்குறைக்கு, மக்கள் மொழி மோகம் வேறு அதிகாரிகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஆகவே, உறுப்பினர் இறந்தால் பணம் யாருக்கு என்பதைப் பெயர் சொல்லாமல், உறவை மட்டும், வீட்டில் பேசும் சொல்லாலேயே எழுதித் தரவேண்டும் என்று சுற்றறிக்கை பிறந்தது.

குடிநீர்க் குழாய் திறந்துவிடும் ஊழியர் ஒருவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர். 'வீட்டுக்காரம்மா' என்று எழுதிக் கொடுத்தார். போன மாதம் செத்தும் போனார்.

அவர் மனைவி தையல்காரி. அந்தப் பணம் வந்தால்தான் வாடகை பாக்கியைக் கட்டிவிட்டு இருக்கிற அறையில் இருக்கலாம். இல்லாவிட்டால் தையல் மிஷினோடு தெருவுக்கு வரவேண்டியதுதான். பிரிவு அலுவலர் முன்னால் போய் நின்றாள்.

"வீடு சொந்தமாம்மா?"

"வாடகை சார்."

"அப்புறம் நீங்க எப்படி வீட்டுக்காரம்மா?"

"அவரு என்னைத்தான் சார் அப்படிச் சொல்வாரு."

"வாடகை குடுக்கப் போறப்ப யாரைச் சொல்வாரு?"

தையல்காரிக்குச் சமயத்தில் பொய் வராது. "'வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்துட்டு வரேன்'னு சொல்வாரு."

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க!"

"கட்டின பொண்டாட்டியை விட்டுட்டு வாடகை வாங்குறவங்களுக்கு யாராச்சும் எழுதி வைப்பாங்களா சார்?"

"அது உங்க குடும்ப விவகாரம். அலுவலகம் தலையிடாது. திருத்தணும்னா உறுப்பினரே நேர்ல வரணும்."

"அவருதான் செத்துட்டாரே!"

"அதனாலதானேம்மா பணமே தர்றோம்!"

வீட்டின் உரிமையாளருக்கு ஆள் போனது. அந்த அம்மாள் பொரிந்துகொண்டே வந்தார்.

"இதென்ன கூத்து! என்னைக் கண்டாலே முறைக்கிற ஆளு. அவருக்கு நான் என்ன உறவு?"

அலுவலர் தொகையைச் சொன்னார்.

அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தங்கமான மனுஷன் சார். கூடப் பிறந்த தம்பி மாதிரி."

"அக்கா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கக்கா!"

"சட்டம்னு ஒண்ணு இருக்கேம்மா. ஐயா படிச்சவரு, தப்பாவா சொல்வாரு? அப்புறம், அந்த வாடகை பாக்கியை மறந்துடாதே."

வரிசையில் நின்றவர்களுக்கும் நியாய உணர்ச்சி பொங்கியது. "சீக்கிரம் நகருங்கம்மா, சாப்பாட்டுக்கு மூடிடுவாங்க!"

ஒரே ஒரு குறை. பணம் பெறுபவரை அடையாளம் காட்ட, இறந்தவரை நெருங்கி அறிந்த சாட்சி ஒருவர் தேவைப்பட்டார்.

"நீயே போட்டுடேன்" என்றார் அம்மாள் கனிவாக. "ரெண்டு மாசத்துக்கு அறையைக் காலி பண்ணச் சொல்லமாட்டேன்."

தையல்காரி மிஷினை நினைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதினாள்.

அலுவலர் கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். முகம் மலர்ந்தது.

"மனைவி! எவ்வளவு தெளிவான சொல்லு. எல்லாரும் இப்படி எழுதினா எங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று சொல்லி, ஓங்கி முத்திரை குத்தினார்.