மணியின் ஊட்டுக்கு முன்னால் விழுந்து கும்பிட்ட கதை

கோயமுத்தூர் மரியாதை ஆளைக் கொல்லாது. ஆனால் நம்மை நன்றாகக் குழி தோண்ட விட்டு, தோண்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே கைகட்டி நின்று, "பாத்துங்க, காலு வழுக்குமுங்க" என்று மட்டும் சொல்லும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு தனியார் கல்லூரியில் நான் வரலாற்று ஆசிரியர். தற்காலிகம். அந்தத் தற்காலிகமும் நாலு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. கொடுமுடியில் எனக்குப் பெண் பார்த்து, பூ வைத்து, எல்லாம் ஆகியிருந்தது. ஆனால் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு வேலை பர்மனென்ட் ஆகட்டுங்க, அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு இருபத்தொன்பது வயது. முன்மண்டையில் முடி விடைபெறத் தொடங்கியிருந்தது. (முகூர்த்தம் காத்திருக்கும், முடி காத்திருக்குமா?)

பர்மனென்ட் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் கல்லூரியின் முதலாளி. மூன்று நூற்பாலை வைத்திருந்தவர். அந்த வருஷம் டாக்டர் அவருக்குச் சர்க்கரை என்று சொல்லி, தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். சும்மா நடப்பது முதலாளிக்கு அலுத்துவிட்டது. "வரலாறு இருக்கற மலையா ஒண்ணு சொல்லுங்க சார், நடந்த மாதிரியும் இருக்கும், தெரிஞ்சுக்கிட்ட மாதிரியும் இருக்கும்" என்றார்.

காரமடைக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்கு, அங்கே கல்திட்டைகள் இருக்கின்றன என்று நான் சொன்னேன். கல்திட்டை என்றால் பெருங்கற்காலத்து ஈமச்சின்னம். மூன்று பக்கமும் பலகைக்கல்லை நட்டு, மேலே ஒரு கல்லால் மூடியிருப்பார்கள். "நான் ரெண்டு தடவை போயிருக்கேனுங்க" என்றும் சொல்லிவைத்தேன். உண்மையில் நான் பார்த்திருந்தது நூலகப் புத்தகத்தில் இருந்த ஒரு கோட்டோவியத்தை. முதலாளியோடு போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைப் பார்த்ததும் மனசு மாறி, காலைக்காட்சி சினிமாவுக்குப் போய்விட்டேன்.

அந்த நாள் வந்தது. முதலாளி, அவருடைய டிரைவர், நான். நான் இரவல் வாங்கிய தொப்பி, இரவல் பைனாகுலர், கையில் ஒரு தடி. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் பயபக்தி வந்தது.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராமாத்தாளை வழிகாட்டக் கூட்டிக்கொண்டோம். நாற்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான பெண்மணி. கூடவே அவருடைய செவலை நாய் மணியும் வந்தது. கிளம்பும்போதே நான் கறாராகச் சொன்னேன்: "அம்மணி, நீங்க வழி மட்டும் காட்டுனாப் போதுமுங்க. வரலாறு நான் சொல்லிக்கறேன்."

"சரிங்க" என்றார்.

அரைமணி நேரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ராமாத்தாள் வலது பக்கம் திரும்பினார். இரண்டு தடவை போய்வந்தவன் பெண்பிள்ளைக்குப் பின்னால் நடந்தால் மரியாதை என்னாவது? தடியை இடது பக்கம் நீட்டி, "இப்படித்தானுங்களே?" என்றேன்.

"அப்படியும் போலாமுங்க" என்றார் ராமாத்தாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம், போகலாம், ஆனால் போய்ச் சேர மாட்டீர்கள் என்பது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். ஆனாலும் நடந்தேன். ஊசிப்புல் பேண்ட்டெல்லாம் ஒட்டிக்கொண்டது. முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "இதோ வந்துருச்சுங்க" என்றேன்.

உண்ணிச்செடிப் புதரைத் தாண்டியதும் வந்தேவிட்டது. மூன்று பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். அப்படியே புத்தகத்தில் பார்த்த படம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பொய் சொன்னவனையும் கடவுள் கைவிடவில்லையே!

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டாயிரம் ஆண்டுகள், இந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட தலைவன், போரில் மாண்ட வீரன் என்று கால்மணி நேரம் நிறுத்தவேயில்லை. உள்ளே எட்டிப் பார்த்தபோது ஓர் எலும்புத்துண்டு கிடந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து, "அவருடையதாக இருக்கலாம்" என்று முதலாளி கையில் கொடுத்தேன்.

முதலாளி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுரு எந்தப் பக்கத்து ஆளுங்க? நம்ம ஆளுங்களா?" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வரலாறு படித்தவன் எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் எனக்குக் கொடுமுடி ஞாபகம் வந்தது. "உங்க வம்சத்துப் பெரியவராவே இருக்க நெறைய வாய்ப்பிருக்குங்க" என்றேன்.

அவ்வளவுதான். முதலாளி கேன்வாஸ் ஷூவைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டினார். தொந்தி, சர்க்கரை எல்லாவற்றையும் மறந்து நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். நானும் பக்கத்தில் விழுந்தேன். நாங்கள் இரண்டு பேரும் விழுந்தபிறகு டிரைவர் மட்டும் நின்றால் நன்றாக இருக்குமா? அவரும் விழுந்தார்.

அப்போதுதான் மணி வந்தது. முதலாளி தலையைத் தாண்டி நிதானமாக உள்ளே போனது. இரண்டு சுற்றுச் சுற்றியது. படுத்தது. முன்னங்கால்மேல் தாடையை வைத்துக்கொண்டு, சேவிக்க வந்த எங்கள் மூவரையும் பார்த்தது.

முதலாளி படுத்தவாக்கிலேயே கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இது எதுக்குங்க உள்ள போகுது?"

"அது மணியோட ஊடுங்க" என்றார் ராமாத்தாள். "போன ஐப்பசி மழையில நனைஞ்சுக்கிட்டே கெடந்துதுங்க. பாவமா இருந்துச்சு. நாந்தானுங்க கல்ல நட்டு மேல ஒண்ணப் போட்டு உட்டேன். அந்தா, பொதருக்குப் பின்னால நம்ம சாளைங்க."

பார்த்தோம். குடிசை ஒன்று, கொடியில் சேலை, பக்கத்தில் ஒரு ஆட்டுப்பட்டி. எலும்பைப் பற்றி நாங்கள் யாரும் கேட்கவில்லை. ராமாத்தாளே சொன்னார், ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஆட்டுக்கால் என்று.

"ஏம்மா, முன்னாடியே சொல்லப்படாதா?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்க வாத்தியாருங்க. அத்தன நல்லாச் சொல்லீட்டு இருந்தீங்க, நடுவால பேசுனா மரியாதைங்களா? வழி மட்டுந்தானுங்களே காட்டச் சொன்னீங்க. பழைய கல்லுக அந்த வலதுகைப் பக்கம் ஏழெட்டுக் கெடக்குதுங்க."

முதலாளி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். டிரைவர் அண்ணாந்து ஒரு மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை போச்சு, பெண் போச்சு, கொடுமுடிப் பக்கம் இனி தலைவைத்துப் படுக்க முடியாது என்று நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து வலதுகைப் பாதையில் போனோம். உண்மையான கல்திட்டைகள் அங்கே இருந்தன. பாதி சாய்ந்து, பாதி மண்ணில் புதைந்து, முள் மூடிக் கிடந்தன. முதலாளி இடுப்பில் கைவைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது பாக்கறதுக்கு அவ்வளவு கம்பீரமா இல்லீங்களே சார்" என்றார்.

நான் குனிந்து பேண்ட்டில் ஒட்டியிருந்த ஊசிப்புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"நான் உழுந்து கும்பிட்டது நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லா இருக்குங்களா?"

"நல்லா இருக்காதுங்க."

"அப்ப அதுதானுங்க எங்க பெரியவர் எடம். நாய்க்கு வேற ஊடு கட்டிக் குடுத்தர்லாம்."

அடுத்த மாதமே என் பர்மனென்ட் உத்தரவு வந்தது. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணமும் ஆனது. மணிக்கு ஓடு போட்ட புது வீடு கிடைத்தது. பழைய வீட்டைச் சுற்றி கிரில் வந்தது, டைல்ஸ் வந்தது, முதலாளி வம்சத்தின் பெயரோடு பலகை வந்தது. கல்லூரி ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள் மாணவர்களை அங்கே கூட்டிப்போய் அதே கால்மணி நேரச் சொற்பொழிவை நான் நிகழ்த்த வேண்டும். ரிட்டயர் ஆகும் வரை நிகழ்த்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது. சம்பளம் வாங்கும்போது மட்டும் இருக்காது. உண்மையான கல்திட்டைகளைப் பார்க்க ஒரு மாணவனையும் நான் கூட்டிப்போனதில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

கல்யாணமான மூன்றாம் நாள் இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து நான் அரசியலோ, வைத்தியமோ, மழை வருமா என்பதோ, எதைப் பற்றிக் கொஞ்சம் அடித்துப் பேசினாலும், "எதுக்கும் உள்ள நாய் படுத்திருக்குதான்னு ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்பாள். இப்போது என் மகளும் சொல்கிறாள், மருமகனும் வாய்க்குள் சிரிக்கிறார்.

போன வருஷம் குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். வாசலில் புதிதாக ஒரு கல் நாய், கழுத்தில் மாலையோடு. பெரியவருக்குக் காவல் இருந்த நாயாம், பூசாரி சொன்னார். எலும்பு வெள்ளிப் பேழையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி மட்டும் கல் நாய்க்கு முன்னால் கண்ணை மூடி, கைகூப்பி, வெகுநேரம் நின்றாள்.

கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து, "போதும், வா" என்றேன்.

"இருங்க" என்றாள். "நம்ம கண்ணாலத்த நடத்தி வெச்சவனுக்கு ஒரு கும்புடு போட வேண்டாமுங்களா?"