சூப்பர்வைசர் சுகம் விசாரித்தார்

“காலை வணக்கம், கருப்பம்மா அக்கா. இரவு நன்றாகத் தூங்கினீர்களா?”

கீழ் கோத்தகிரிச் சரிவில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரின் கைகளும் ஒருசேர நின்றன. கேட்டவர் சூப்பர்வைசர் தங்கவேலு. காலையில் அவர் வாயிலிருந்து புறப்படும் முதல் சொல் இதுவரை ‘ஏய்’ என்பதாகவே இருந்துவந்தது.

“தூங்குனேங்கய்யா” என்ற கருப்பம்மா, பக்கத்துச் செடி நிரையில் நின்ற சுஜாதாவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“ஏன்க்கா, அவருக்குக் காய்ச்சலுங்களா?” என்று முணுமுணுத்தாள் சுஜாதா.

“அவருக்கு இல்லடி. நமக்குத்தான் வரப்போவுது.”

ஓநாய் ஒன்று ஒருநாள் பட்டிவாசலில் நின்று ஆடுகளிடம் குசலம் விசாரித்ததாம். ஆடுகள் பதில் சொல்லாமல் தங்கள் தலைகளை எண்ணத் தொடங்கினவாம். தங்கவேலு ஓநாய் அல்லர், நல்ல மனிதர். தொண்டைதான் சற்றுப் பெரிது. அதைச் சுருக்குவதற்காகவே கம்பெனி செலவில் குன்னூர் சென்று, ஓர் ஓட்டல் மாடியில் நடந்த பேச்சுத்திறன் வகுப்பில் இருந்துவிட்டு வந்திருந்தார்.

அனுப்பியவர் மேனேஜர் ஜாபேஸ். “ஆளுங்ககிட்ட இதமாப் பேசுங்க. இந்த மாசம் கொழுந்து தடையில்லாம வந்தா, ஃபீல்டு ஆபீசர் வேலை உங்களுக்குத்தான்” என்று அவர் வாக்களித்திருந்தார். அந்தப் பதவிக்காகத் தங்கவேலு காத்திருந்த காலத்தில் அவருடைய மீசை நரைத்துவிட்டது.

சுகம் விசாரிக்கும் முதல் பாடம் பலிக்கவில்லை என்று கண்டதும் அவர் இரண்டாம் பாடத்துக்குத் தாவினார். எதிரே இருப்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, கேட்டதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போது நம்பிக்கை வளரும் என்பது வகுப்பு நடத்திய ரேணுகாவின் வாக்கு.

“ஐயா, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும். மகளப் பாக்கப் போவணும்” என்றார் கருப்பம்மா.

“அதாவது, மகளைப் பார்ப்பதற்காக வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுப்பு வேண்டும் என்கிறீர்கள்.”

“ஆமாங்கய்யா.”

“ஆம் என்கிறீர்கள்.”

கருப்பம்மாவின் பார்வை அவர் சட்டைப்பையில் எட்டிப்பார்த்த கைப்பேசியின்மேல் விழுந்தது. “பதிவு பண்றாருடி!” என்று அவர் உதட்டை அசைக்காமல் சொன்ன செய்தி, காற்றைவிட வேகமாகச் சரிவு முழுவதும் பரவியது. அன்று மாலைவரை பெண்கள் கைச்சாடையிலேயே பேசிக்கொண்டார்கள்.

வீட்டிலும் நிலைமை இதுதான். “குழம்பு மிகவும் அருமை” என்று அவர் சொன்னதும், மனைவி கோகிலவாணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எங்கிட்ட என்னத்த மறைக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல வாணி. பாராட்டினேன்.”

“கல்யாணமாகி இத்தன வருசத்துல இல்லாத பாராட்டு இன்னைக்கு எங்கிருந்துங்க வந்துச்சு?”

மறுநாள் அதே பாராட்டுப் பாடத்தைச் சுஜாதாவிடம் முயன்றார். “உங்களைப்போல் கொழுந்து பறிக்கிறவர் இந்த எஸ்டேட்டில் வேறு யாரும் இல்லை, சுஜாதா.”

சுஜாதாவின் கண்கள் கலங்கின. “என்னைய வேலைய விட்டு நிறுத்தறீங்களா சார்?”

“ஐயோ, இல்லையம்மா!”

“அப்புறம் எதுக்குங்க போறவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க?”

கருப்பம்மா கூடையை இறக்கி வைத்தார். “கண்டியில நான் சின்னப் புள்ளையா இருக்கையில, எப்பவும் எரிஞ்சு விழுற எங்க தொர ஒருநாளு எங்கய்யாவக் கூப்பிட்டு, ‘புள்ளைங்க சொகமா’ன்னு கேட்டாராம். அடுத்த மாசம் நாங்க இந்தியாவுக்குத் திரும்பற கப்பல்ல இருந்தோம்.”

அதற்குமேல் யாரும் பறிக்கவில்லை. தங்கவேலுவுக்கு வியர்த்தது. வகுப்பின் கடைசிப் பாடம் ஒளிவுமறைவின்மை. எல்லாரையும் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அழைத்து, ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்றார்.

“தோழியரே, அச்சம் வேண்டாம். இந்த எஸ்டேட்டை யாருக்கும் விற்கப் போவதில்லை. இங்கே சொகுசு விடுதி கட்டப் போவதில்லை. நீங்கள் குடியிருக்கும் லயன் வீடுகளை யாரும் இடிக்கப் போவதில்லை.”

அதுவரை வேலை போய்விடும் என்று மட்டுமே அஞ்சியிருந்த பெண்கள், வீடும் போகப்போகிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வெயில் ஏறியது. சரிவில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அதனோடு ஃபீல்டு ஆபீசர் பதவியும் கண்ணெதிரே வாடுவதைத் தங்கவேலு பார்த்தார். ரேணுகா கற்பித்த அனைத்தும் ஒரே மூச்சில் பறந்தன.

“ஏய்! இதென்ன கல்யாண ஊடா, வரிசையா குந்தீட்டு இருக்கறதுக்கு? கொழுந்து முத்தறது கண்ணுக்குத் தெரியல? ஊட்ட இடிக்கறேன்னு எவனாச்சும் வரட்டும், அவன நான் பாத்துக்கறேன்! எந்திரிங்க!”

பெண்களின் முகங்கள் மலர்ந்தன.

“அப்பாடா! நம்ம சூப்பர்வைசரு திரும்பி வந்துட்டாரு” என்றாள் சுஜாதா.

“சத்தியமாவா சொல்றீங்கய்யா?” என்று கேட்டார் கருப்பம்மா.

“சத்தியமாத்தான்! போ, போயி நிரைய முடி!”

அன்று மாலை கூடைகள் நிரம்பி வழிந்தன. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் மேனேஜர் அவரை அழைத்துவரச் சொன்னார்.

“உக்காருங்க தங்கவேலு.”

தங்கவேலு திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதே இல்லை. ஜாபேஸ் தம் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“ஆர்டர் ரெடி. இனிமே நீங்க ஃபீல்டு ஆபீசர். நாளைக்குக் காலையில ஆளுங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும். நான் சொன்னா நல்லா இருக்காது. உங்க பேச்சை நம்புவாங்க.”

“என்ன சேதிங்க சார்?”

“காலையில பேசிக்கலாம். டீயைக் குடிங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

தேநீரைக் குடிக்காமலே கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். ஆயினும் வெளியே வருவதற்குள் தங்கவேலு தம்மைத் தேற்றிக்கொண்டார். பாவம், மேனேஜரும் அதே ஓட்டல் மாடியில் அதே பாடத்தைப் படித்திருப்பார். அதைத் தப்பாக நினைப்பது எவ்வளவு அற்பத்தனம்!

வாசலில் டிரைவர் பிரசாத் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏம்ப்பா பிரசாத், நம்ம சாரும் குன்னூர் கிளாசுக்குப் போய்ட்டு வந்துட்டாரா?”

“அவருக்கு எதுக்குங்கண்ணா கிளாசு? எஸ்டேட்ட வித்தாச்சுங்கற சேதிய ஆளுங்ககிட்டப் பதமாச் சொல்லோணும்னுதானே உங்கள அனுப்புனாங்க!”