நனைக்காமல் வெட்டுகிறவர்கள்

கைத்தறிப் பிரியர் என்றொரு இனம் உண்டு. நெய்கிறவரைச் சொல்லவில்லை, அவருக்குப் பேச நேரம் ஏது? துணியை வாங்கி வந்து தடவி, முகர்ந்து, படம் பிடித்து, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவரைச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் உங்கள் முந்தானையை இரண்டு விரலால் நிமிண்டி, "பவர்லூமா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பாரே, அவர்தான்.

ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கும் மோகனப்பிரியா இந்த இனத்தில் முதல் தரம். தையல் பழகி மூன்று மாதம், அதற்குள் வகுப்பெடுக்கிறார். பீரோவில் நான்கு தட்டு நிறைய வெட்டாத துணி. துண்டுத் துணியில் பை, பைக்கு ஓர் உறை, உறைக்கு ஒரு குஞ்சம். யாருக்கு வேண்டும் அது? கேட்காதீர்கள், உங்கள் பிறந்தநாளுக்கு வந்துவிடும்.

கைத்தறி தினத்துக்குப் பள்ளி மேடையில் பேச மகள் அபிநயா தேர்வானதும் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாபேட்டைக்குப் போய், நெசவாளர் அர்த்தநாரியிடம் தறியின் பெருமையை அரை மணி நேரம் அவருக்கே விளக்கிவிட்டு, சிவப்புக் கட்டம் போட்ட துணி வாங்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட மனிதர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஒரு நாள் தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு, அப்பறமா வெட்டுங்க. சுருங்குமுங்க."

நெய்கிறவருக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும்? நனைத்தால் தறியின் மணம் போய்விடாதா? மோகனப்பிரியா கஞ்சி மொடமொடப்போடு வெட்டி, அளவு பிசகாமல் கவுன் தைத்தார். அபிநயா கண்ணாடி முன் மூன்று சுற்றுச் சுற்றினாள். இணையத்தில் படமும் போட்டாயிற்று. பிறகு, சாக்பீஸ் கோடு போகட்டுமென்று விழாவுக்கு முதல் நாள் துவைத்துக் காயப்போட்டார்.

காலையில் கை நுழைந்தது, தோள் நுழையவில்லை. வேறு உடுப்பு? மில் துணியில் மேடையேறுவதா! பிள்ளையை மூச்சடக்கச் சொல்லித் திணித்தார். வணக்கம் சொல்ல அவள் கையைத் தூக்கியதும் அக்குள் தையல் விட்ட சத்தம் மைக்கில் கேட்டது. அரங்கம் சிரித்தது. பத்து நாள் மனப்பாடம் செய்த பேச்சு மறந்துபோய், கைகளை இடுப்போடு ஒட்டிக்கொண்டு அழுதபடி இறங்கினாள் குழந்தை. சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மோகனப்பிரியாவோ பக்கத்து நாற்காலிக்காரியிடம், வளர்கிற பிள்ளை பாருங்கள் என்று சமாளித்தார். அது அபிநயா காதில் விழுந்துவிட்டது.

"முந்தாநேத்து சரியா இருந்துச்சேம்மா. ரெண்டு நாள்லயா வளந்துட்டேன்?"

மாலையில் புதுப் பதிவு மட்டும் வந்தது: கைத்தறித் துணியை நனைத்து வெட்டுவது எப்படி, என் கண்டுபிடிப்பு. அதில் அர்த்தநாரியின் பெயர் இல்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே எழுந்துபோய் உங்கள் பீரோவைத் திறந்து, மடிப்புக் கலையாத அந்தத் துணியை எடுங்கள். கொடுக்கும்போது நெய்தவர் ஏதோ சொன்னாரே, என்ன அது?