சேரின் மூக்கும் சக்திக் காப்பு விதியும்

அற்புதராணி தேத்தண்ணீர்த் தட்டத்தோடு கராஜ் ஜன்னலருகில் வந்தபோது, உள்ளே ஜெயசுதன் சேர் கைத்தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையள் வருகினமில்லையடா. வெறும் வாங்குக்கு எத்தினை நாளைக்குப் படிப்பிக்கிறது? இந்த மாசத்தோடை கராஜைப் பூட்டி, திறப்பை வீட்டுக்கார அம்மாவிட்டைக் குடுத்திடப் போறன்."

அற்புதராணி ஜன்னலோரம் ஒதுங்கி நின்றாள். ஒட்டுக்கேட்பது அவளுக்குப் புதிதல்ல. தபால் கந்தோரில் ரெலிபோன் இணைப்புக் கொடுத்தே பென்சன் எடுத்தவள். ஒரு காலத்தில் குருநகரின் பாதிக் கல்யாணப் பேச்சு அவளுடைய காதைத் தாண்டித்தான் போனது. ஆனால் அப்போது கேட்ட எதுவும் அவளுடைய சொந்த வீட்டைப் பற்றியதாய் இருந்ததில்லை.

கணவர் ஆசையாய் வாங்கிய கார் முதலில் போனது, பிறகு கணவரும் போனார், கராஜ் மட்டும் மிஞ்சியது. ஒரே மகன் பிரான்சில். ஞாயிறுகளில் வீடியோவில் வந்து "சாப்பிட்டியளோ அம்மா?" என்பான். "ஓம்" என்பாள். அதற்குப் பிறகு அவன் ஏதாவது சொல்லுவான் என்று அவளும், அவள் ஏதாவது சொல்லுவாள் என்று அவனும் ஆளையாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கராஜை உயர்தரப் பௌதிகவியல் வகுப்புக்கு விட்ட பிறகுதான் அந்த வளவில் மனிதக் குரல் கேட்கத் தொடங்கியது. கராஜுக்கும் குசினிக்கும் நடுவில் கூரை முட்டாத ஒரு சுவர். செவ்வாயும் வியாழனும் சேர் அந்தப் பக்கம் கேள்வி கேட்பார். இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அற்புதராணி பதில் சொல்லுவாள்.

"பஸ் சடாரெண்டு நிண்டால் நாங்கள் ஏன் முன்னுக்கு விழுகிறம்?"

"பிறேக் சரியில்லை, சேர்" என்று அவள் சட்டியைப் பார்த்துச் சொல்லுவாள். பதில் அநேகமாகப் பிழைதான். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அந்த வீட்டில் வேறு யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை.

கார்த்திகை மழைக்கு நின்ற வகுப்பு தை பிறந்து திரும்பத் தொடங்கியபோது பிள்ளைகள் இருக்கும் வாங்குகளில் முக்கால்வாசி காலியாய்க் கிடந்தது. செவ்வாய் வந்த பிள்ளை வியாழன் வராது. வியாழன் வந்ததும் இரண்டு தரம் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை என்று அற்புதராணி மனதுக்குள் திட்டினாள். வகுப்பும் போய்விட்டால் செவ்வாயும் வியாழனும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரியே ஆகிவிடும்.

"பிள்ளையள்தானே வேணும்? நான் பிடிச்சுத் தாறன்" என்று தட்டத்துக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் லூர்த்தம்மாவை மறித்தாள். லூர்த்தம்மாவின் மகன் றஜிந்தன் சாதாரணதரச் சோதனை எழுதிவிட்டு ஊரை அளந்துகொண்டு திரிந்தான்.

"அவனைப் பௌதிகவியலுக்கு விடும், லூர்த்து. எங்கடை கராஜிலை ஒரு சேர் படிப்பிக்கிறார். நல்ல மனிசன்."

"உதைப் படிச்சு என்ன கிடைக்கும்?"

இப்படி ஒரு கேள்வி வருமென்று அற்புதராணி எதிர்பார்க்கவில்லை. குசினிச் சுவருக்கு மேலால் வந்து விழுந்த சொற்களை அவசரமாய்ப் பொறுக்கினாள். "கரண்ட், மோட்டர், சூடு, குளிர், எல்லாம் சேருக்குத் தண்ணி பட்ட பாடு."

லூர்த்தம்மாவின் கண்கள் விரிந்தன. அற்புதராணி வென்றுவிட்ட நினைப்பில் வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய் பின்னேரம் கராஜ் வாசலில் கூட்டம். முன்னுக்கு லூர்த்தம்மா, கையில் இஸ்திரிக்கைப் பெட்டி. பின்னால் ஒருத்தி மின்விசிறியோடும் இன்னொருத்தி தண்ணீர் இறைக்கும் மோட்டரோடும் நின்றார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுச் சிமியோன், தன்னுடைய வள்ளத்து இயந்திரத்தைக் கைவண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"அக்கா, உவருக்கு எல்லாம் தெரியுமாம். உதை ஒருக்கால் பாக்கச் சொல்லுங்கோ. கடலுக்கை போனால் இருமுது."

ஜெயசுதன் சேர் யாரையும் முகத்தை முறித்துப் பேசத் தெரியாத மனிதர். இஸ்திரிக்கைப் பெட்டியை வாங்கிக் கரும்பலகையில் அதனுடைய சுற்றைக் கீறினார். மின்னோட்டம் எங்கே நுழைகிறது, தடை எங்கே இருக்கிறது, அது ஏன் வெப்பமாகிறது என்று அழகாக விளக்கினார். லூர்த்தம்மா மரியாதையாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உதெல்லாம் சரி, சேர். சூடாகுமோ?"

சேர் பெட்டியைக் கழற்றினார். அதற்கு முதல் அது சூடாகாமல்தான் இருந்தது. அதற்குப் பிறகு அதில் லைற்றும் எரியவில்லை. வந்திருந்த இரண்டு மாணவர்கள் வாங்கில் இடமில்லாமல் மின்விசிறியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

அற்புதராணி கணக்குப் போட்டாள். இப்படியே போனால் சேர் மாத முடிவு மட்டும்கூட இருக்கமாட்டார். வியாழக்கிழமை வெயில் தணியமுதலே படலையில் போய் நின்று, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள்.

"சேருக்கு உதெல்லாம் திருத்தத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் கடதாசியிலைதான். கொண்டு போங்கோ!"

கூட்டம் கலைந்தது. கதை கலையவில்லை. சனிக்கிழமைக்கிடையில் அது கடற்கரை வீதி முழுக்கச் சுற்றி, தலைமயிர் வெட்டப் போயிருந்த சேரின் காதுக்கே வந்துவிட்டது: கராஜ் சேருக்கு ஒன்றும் தெரியாதாம், வீட்டுக்காரியே சொல்லுகிறாளாம்.

லூர்த்தம்மா தொலைபேசி எடுத்தாள். "குறை நினையாதையும் அற்புதம். றஜிந்தனை நாங்கள் ரவுண் வகுப்பிலை சேர்க்கப் போறம்."

அன்று இரவுச் சாப்பாட்டை அற்புதராணி அப்படியே மூடி வைத்தாள். தொழில் தெரிந்த ஒரு மனிதனுடைய பெயரைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் மற்றப் பக்கம். சுவருக்கு அங்கால் சத்தமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தாள். நினைத்த மாத்திரத்தில் எழும்பிப் போய், யாரும் கேட்காத ரேடியோவைத் திருகிவிட்டாள்.

செவ்வாய் வந்ததும் சேரைப் பிடித்துக்கொண்டாள்.

"சேர், ஊர் வாயை அடைக்கவேணும். சனத்துக்கு முன்னாலை ஒண்டைச் செய்து காட்டுங்கோ. வாய் பிளந்து நிக்கவேணும்."

"வேண்டாம் அம்மா. வகுப்பு எப்பிடியும்..." என்று தொடங்கிய சேர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கினார். "சரி. ஊசலைச் செய்து காட்டுவம்" என்றார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு அவளுடைய வளவு நிறைந்துவிட்டது. ஊர் முழுவதற்கும் இணைப்புக் கொடுத்த பழைய கையல்லவா, வெள்ளி முழுக்கத் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. மாமரத்துக் கிளையில் கயிறு கட்டி, நுனியில் ஒரு உரிக்காத தேங்காயைத் தொங்கவிட்டிருந்தார்கள். சேர் மரத்தோடு முதுகை ஒட்டி நின்று, தேங்காயை இழுத்துத் தன்னுடைய மூக்கு நுனியில் முட்ட வைத்தார்.

"இதை இந்த இடத்திலையிருந்து விட்டால் அங்காலை போய்த் திரும்பி வரும். ஆனால் என்ரை மூக்கிலை படாது. ஏனெண்டால் புதிசாய்ச் சக்தி ஒண்டும் எங்கையிருந்தும் வராது. நான் அசையவும் மாட்டன், கண்ணை மூடவும் மாட்டன்."

அவருடைய மாணவி நிரோஜா தேங்காயைப் பிடிக்க முன்னுக்கு வந்தாள். அற்புதராணி விடவில்லை. "நான் பிடிக்கிறன் பிள்ளை. சேர், எனக்குத் தாங்கோ."

"கையை எடுத்தால் காணும் அம்மா. வேறை ஒண்டும் செய்யவேண்டாம்."

அவள் தேங்காயைப் பிடித்தாள். ஒருக்கால் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். சிமியோன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். லூர்த்தம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இந்தத் தேங்காய் சும்மா ஆடி, சும்மா திரும்பி வந்து, எதிலும் படாமல் நின்றால் யார்தான் வாய் பிளப்பார்கள்? அவளுக்குச் சேர் மேல் இரக்கம் பொங்கிவிட்டது. கையை எடுக்கும்போது சேருக்கு உதவியாய் ஒரு சின்னத் தள்ளுத் தள்ளிவிட்டாள்.

தேங்காய் கம்பீரமாய்ப் போனது. அவள் கொடுத்ததில் ஒரு துளியும் வீணாக்காமல் அதே கம்பீரத்தோடு திரும்பியும் வந்தது. விதியில் நம்பிக்கையுள்ள மனிதர் அசையவில்லை, கண்ணையும் மூடவில்லை.

'டொக்' என்று ஒரு சத்தம்.

பிறகு கைதட்டல் வானைப் பிளந்தது.

"எப்பிடி அச்சொட்டாய் மூக்கிலை வந்து பட்டுது பாத்தீங்களே!" என்று சிமியோன் கத்தினார். "நாங்கள் இருவது வருசமாய்க் கயிறு எறியிறம், இப்பிடிக் குறி வராது!"

"படிச்ச ஆக்கள் படிச்ச ஆக்கள்தான்" என்றாள் லூர்த்தம்மா. "ஒரு நூலும் பிசகேல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் எங்கடை றஜிந்தனுக்கு மூக்கிலை ஏற்கெனவே ஒரு கரைச்சல் கிடக்கு. அவன் கொமேஸ் படிக்கட்டும்" என்று முடித்தாள். மற்றத் தாய்மாரும் தங்கள் தங்கள் பிள்ளைகளின் மூக்கை நினைத்து அவள் பின்னாலேயே போனார்கள்.

பின்னேரம் ஆனது. வாடகைக்கு எடுத்த கதிரைகள் மாமரத்துக்குக் கீழே வெறுமையாய்க் கிடந்தன. சேர் மூக்கின் இரண்டு துவாரத்திலும் பஞ்சோடு வந்து, கராஜ் திறப்பைக் குசினி மேசையில் வைத்தார். கோப்பை கழுவ நின்ற நிரோஜாவைத் தவிர வேறு யாரும் இல்லை.

"அப்ப நான் வாறன் அம்மா" என்றார் சேர். பஞ்சு குரலை அடைத்தது.

அற்புதராணி திறப்பைத் தொடவில்லை. "நான்தான் தள்ளினனான், சேர்."

"தெரியும் அம்மா."

"இஸ்திரிக்கைப் பெட்டியையும் மோட்டரையும் உங்கடை தலையிலை கட்டினதும் நான்தான். உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொன்னதும் நான்தான். நீங்கள் போனால் இந்த வீட்டிலை ஒரு சத்தமும் இராது. அந்தப் பயத்திலைதான் எல்லாம் செய்தனான். பிள்ளையளின்ரை படிப்பை நான் ஒருக்காலும் நினைச்சுப் பாக்கேல்லை. எனக்காண்டித்தான் செய்தனான்."

சேர் திறப்பை எடுத்துத் திரும்பவும் தன்னுடைய சட்டைப் பைக்குள் போட்டார்.

"செவ்வாய்க்கிழமை ஊசல் பாடத்தைத் திரும்ப எடுக்கவேணும்" என்றார்.

"ஆருக்குச் சேர்? படிக்கத்தான் ஒரு பிள்ளையும் இல்லையே!"

சேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவசரமாய்ப் போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவர் படலையைத் தாண்டும் மட்டும் பொறுத்திருந்த நிரோஜா, கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அன்ரி, எங்கடை சோதினை போன வருசமே முடிஞ்சுது. தை மாசம் சேர் உங்களிட்டைத் திறப்பைத் தரத்தான் வந்தவர், நீங்கள் தேத்தண்ணியோடை ஓடிவந்து 'இண்டைக்கு என்ன பாடம், சேர்?' எண்டு கேட்டிட்டியளாம். அண்டைக்குத் துவங்கி எங்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு வாங்கிலை இருத்திப்போட்டு, சுவருக்கு மேலாலை உங்களுக்குத்தான் படிப்பிக்கிறார்."